யோப்பாவும் திருக்கோணமலையும்

துறைமுகப் பட்டினங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உள்நாட்டு ஊரில் வாழ்பவன் அந்நியனைக் காண வேண்டுமாயின் பயணஞ் செய்ய வேண்டும். துறைமுகத்தில் வாழ்பவனிடமோ அந்நியன் தானே வந்து சேர்கிறான். அவன் எப்பொழுது வருவான், எம்மொழி பேசுவான், எத்தெய்வத்தை வணங்குவான் என்பனவற்றைக் காற்றும் கடலும் வாணிகமும் போருமே முடிவு செய்கின்றன. ஆதலால், மாந்தர் அனைவரும் ஒரே இறைவனின் அன்புக்கு உரியர் என்னுங் கொள்கை துறைமுகத்தில் வெறும் ஏட்டுக் கொள்கையாக நிற்றல் இயலாது. கப்பல் ஒன்று கரையணுகுந்தோறும் அக்கொள்கை சோதனைக்கு உள்ளாகின்றது.

இலங்கையின் கீழைக்கரையிலுள்ள திருக்கோணமலை அத்தகைய பட்டினம். மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் மகாவலி கங்கை கலக்கின்ற கொட்டியாரக் குடாவும், குன்றுகள் அரண் செய்யும் உட்டுறைமுகமும் பருவக்காற்றின் சீற்றத்திலும் கப்பல்களுக்கு அடைக்கலம் தருவன. இவ்வடைக்கலத்தை விரும்பியே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஐரோப்பிய இனத்தார் நால்வர் ஒருவர்பின் ஒருவராக இத்துறையை நாடினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் இங்குள்ள கோட்டை இருமுறை கைமாறியது. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைப் பறித்தனர். ஆகஸ்டு இறுதியில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பறித்தனர். இந்நால்வரும் கிறிஸ்தவர், உலகத்தார் அனைவரையும் நேசிக்கின்றார் எனத் தத்தம் ஆலயங்களில் அறிவிக்கப்பட்ட இறைவனையே வழிபட்டவர்கள். இம்முரண்பாட்டை மூடி மறைத்துவிட்டு இறையன்பைப் பற்றி இவ்வூரிற் பேசுதல் நேர்மையாகாது.

வேதாகமத்திலும் ஒரு துறைமுகம் இதே வினாவோடு பிணைந்து நிற்கின்றது. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலுள்ள யோப்பா என்னும் பட்டினமே அது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சி ஒன்றும் புதிய ஏற்பாட்டு நிகழ்ச்சி ஒன்றும் அத்துறையில் நிகழ்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும்.

முதலாவது யோனாவின் கதை. நினிவே நகருக்குச் சென்று அதன் தீமையைக் கண்டித்துரைக்குமாறு யோனாவுக்குக் கட்டளை பிறக்கின்றது. நினிவே அசீரியப் பேரரசின் மாநகர். இன்றைய ஈராக்கில், மோசூல் நகருக்கு எதிரே, தைகிரிசு ஆற்றங்கரையில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 722ஆம் ஆண்டளவில் இஸ்ரவேலரின் வட அரசை அழித்தொழித்தவர்கள் அசீரியரே. ஆகவே இக்கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு நினிவே என்னும் பெயர் பகைவரின் பெயராகும். யோனா கிழக்கு நோக்கிச் செல்லவில்லை. யோப்பாத் துறைக்கு இறங்கிச் சென்று, கூலி கொடுத்து, நேர் எதிர்த்திசையில் தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறிக்கொள்கின்றான்.

கடலிற் புயல் எழுகின்றது. கப்பலோட்டிகள் அயல் இனத்தவர். ஒவ்வொருவனும் தன்தன் தெய்வத்தை நோக்கிக் கூவுகின்றான். உண்மைக் கடவுளின் தூதனாகிய யோனாவோ கப்பலின் அடித்தட்டில் உறங்குகின்றான். புயலுக்குத் தானே காரணம் என்றும், தன்னைக் கடலில் எறிந்துவிடுமாறும் அவன் சொன்ன பின்னரும், அந்த மாலுமிகள் அவனைக் காப்பாற்றும் பொருட்டுக் கரையை நோக்கித் தண்டு வலிக்கின்றனர். எவ்வாற்றானும் இயலாமற்போன பிறகே, அவனது உயிர்ப்பழி தம்மேற் சாராதிருக்க வேண்டிக்கொண்டு அவனைக் கடலில் விடுகின்றனர். தன் இனத்தவரல்லாத நகரத்தாருக்கு இரங்க மறுத்தவனிடத்தில், அவன் இனத்தவரல்லாத மாலுமிகள் இரக்கங் காட்டினர் என்பதைக் கதை சொல்லாமற் சொல்லுகின்றது.

மீனின் வயிற்றிலிருந்து மீண்ட யோனா நினிவேக்குச் செல்கின்றான்; நகர மக்கள் மனந்திரும்புகின்றனர்; அழிவு நீங்குகின்றது. தன் சொல் பலித்ததென மகிழவேண்டியவன் சினங்கொள்கின்றான். பகைவர் மன்னிக்கப்பட்டதே அவனது மனக்குறை. ஒரே இரவில் வளர்ந்து நிழல் தந்து, புழு அரித்து வாடிய செடிக்காக அவன் வருந்தியபோது இறைவன் ஒரு வினா எழுப்புகின்றார். நீ வளர்க்காத செடிக்கு நீ இரங்கும்போது, வலக்கை இடக்கை அறியாத 1,20,000 பேருக்கு மேற்பட்ட மாந்தரும் மிகுதியான கால்நடைகளும் வாழும் நகருக்கு நான் இரங்கலாகாதோ என்பது அவ்வினாவின் கருத்து. யோனா என்ன விடை பகர்ந்தான் என்று நூல் கூறவில்லை. அவ்வினாவோடு அது முடிந்துவிடுகின்றது. விடை கேட்போரிடம் விடப்பட்டிருக்கின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி அப்போஸ்தலர் நடபடிகளில் வருவது. அதே யோப்பாவில், கடலோரத்தில், தோல் பதனிடுவோன் ஒருவனது வீட்டில் பேதுரு தங்கியிருக்கின்றான். தீட்டுடையவை என அவன் விலக்கிய உயிரினங்கள் நிறைந்த ஒரு விரிப்பு வானிலிருந்து இறங்குவதாகக் காட்சி காண்கின்றான். இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்னும் அறிவுரை மும்முறை கிடைக்கின்றது. அதன் பொருள் விளங்காமல் அவன் திகைத்திருக்கும் வேளையிற் செசரியாப் பட்டினத்திலிருந்து ஆட்கள் வந்து வாயிலில் நிற்கின்றனர். அவர்களை அனுப்பியவன் கொர்நேலியு. உரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி. பேதுருவின் நாட்டை அடக்கியாளும் அரசின் போர்வீரன். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து விருந்தோம்புகின்றான். மறுநாள் உடன் சென்று, அதுவரை மிதிக்கத் தகாதென எண்ணியிருந்த வீட்டின் படியை மிதிக்கின்றான். இறைவன் ஆள் பார்த்து ஓரஞ்செய்வதில்லை என்பதை மெய்யாகவே இப்போது உணர்ந்ததாக அவன் அவ்வீட்டிற் கூறுகின்றான்.

யோப்பாவிலிருந்து யோனா ஓடினான். அதே யோப்பாவிலிருந்து பேதுரு புறப்பட்டான். இருவர் வரலாற்றிலும் முதலில் திருத்தம் வேண்டியிருந்தது செய்தியைக் கேட்க வேண்டியவர்க்கன்று. அதனைச் சுமந்து செல்ல வேண்டியவர்க்கே. எல்லா இனத்தாரையும் இறைவன் நேசிக்கின்றார் என்னும் நற்செய்தி, அதனை அறிவிப்பவனது உள்ளத்தையே முதலில் உடைக்கின்றது. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு திருக்கோணமலையின் வரலாற்றை அளந்து பார்த்தல் தகும்.

அளவையைக் கோட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைமுனையிலே, திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிற் பதிகம் பாடிய கோணேசர் ஆலயம் இருந்தது. 1620களின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சாவின் ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டுவதற்குப் பயன்பட்டன. 1803ஆம் ஆண்டிற் பிரெடெரிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அவ்வரணின் வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும் தமிழ்ச் சாசனமும் அதற்குச் சான்றாக உள்ளன. 1950ஆம் ஆண்டில் நிலத்தைத் தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையின் அடியிற் கடலுள் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963ஆம் ஆண்டிற் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இடித்தவர்கள் சிலுவை பொறித்த கொடியோடு வந்தவர்கள் என்பதை எக்கிறிஸ்தவனும் மறுத்தலாகாது. அவர்களும் எல்லா இனத்தாரையும் பற்றிப் பேசினர். ஆயினும் அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள், எல்லா இனத்தாரும் தம்மவராகிவிட வேண்டும் என்பது. யோனா நூலிலும் பேதுருவின் காட்சியிலும் அமைந்த பொருளோ, இறைவன் தம்மவர்க்கு மட்டும் உரியவரல்லர் என்பது. முன்னதைக் கொண்டவன் பிறருடைய கோயிலை இடிப்பான். பின்னதைக் கொண்டவன் பிறருடைய வீட்டுப் படியைத் தாழ்மையோடு மிதிப்பான். கோட்டைச் சுவரில் ஏறிய ஆலயக் கற்கள் இவ்வேறுபாட்டை நாள்தோறும் அறிவுறுத்துகின்றன.

குடாவின் மறுகரையில், மூதூர்ப் பக்கத்தில் வேறொரு பாடம் கிடைக்கின்றது. 1659ஆம் ஆண்டிறுதியில் எழுந்த புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலாகிய ஆன், பழுது பார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டில் அக்கப்பலின் தலைவரும், அதே பெயர் தாங்கிய அவர் மகன் ரொபேட் நொக்ஸும், மாலுமிகள் பலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிறைக்கூடத்தில் அடைபடாது ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்ட அவர்களுக்கு, அரசாணைப்படி ஊரவரே உணவளித்தனர். அடுத்த ஆண்டில் தந்தை இறந்தார். மகன் 1679ஆம் ஆண்டில் தப்பிச் செல்லும் வரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தார். அவர் எழுதி 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான நூல் அக்கால இலங்கையின் வாழ்வை அறிவதற்கு உறுதுணையாக விளங்குகின்றது.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. ஒரு நாள் நொக்ஸ் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர், உன் எசமானருக்கு நூல் வாசிக்கத் தெரியுமோ என்று அவருடைய பணிச்சிறுவனைக் கேட்டார். பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பலில் உடன்வந்த சிறுவன் அவன். கொழும்பு போர்த்துக்கேயர் கையைவிட்டுப் போனபோது தமக்கு ஒரு நூல் கிடைத்ததென்றும், வேண்டுமாயின் அதனை விற்பதாகவும் முதியவர் சொன்னார். நூலைத் திறந்து பார்த்த நொக்ஸ், அது ஆங்கில வேதாகமம் எனக் கண்டு நடுக்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே எய்தினார். தம் கையிலிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட நினைத்தார். இறுதியில் அவர் பின்னிய தொப்பி ஒன்று அதற்கு விலையாயிற்று.

இந்நிகழ்ச்சியின் நயம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐரோப்பியன் கீழைநாட்டானுக்கு வேதத்தைக் கொண்டுவந்தான் என்பதே பழகிய கதை. இங்கோ ஆங்கிலக் கிறிஸ்தவன் ஒருவனுக்கு அவனுடைய சொந்த வேதமே கண்டி நாட்டு முதியவர் கையிலிருந்து, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சிறுவனின் துணையால், ஒரு தொப்பியின் விலைக்குக் கிடைக்கின்றது. கொடுப்பவனாக மட்டுமே தன்னைக் கருதியிருந்தவன் பெறுபவனாகின்றான். பிற இனத்தாரிடம் பெற்றுக்கொள்ளத் தெரியாதவன் பிற இனத்தார்க்குக் கொடுக்கும் தகுதியையும் அடைவதில்லை.

அந்த இராசசிங்கனின் மகன் விமலதர்மசூரியன் காலத்தில் இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதியிற் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, அவர்களுக்கு இடமளிப்போர்க்கு மரண தண்டனை விதித்திருந்தனர். கிறிஸ்தவரே கிறிஸ்தவரை வேட்டையாடிய அந்நாளில், 1687ஆம் ஆண்டில், கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். தமிழ் கற்று, மறைவாக மக்களிடையே உழைத்து, பின்னர்க் கண்டியை அடைந்தார். முதலில் ஒற்றனென ஐயுற்றுச் சிறைவைத்த அரசன் நாளடைவில் அவரது தூய்மையை உணர்ந்து பாதுகாப்பளித்தான். 1697ஆம் ஆண்டிற் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளரை உற்றாரே கைவிட்டு அகன்றபோது, அடிகள் மதம் பாராது அவர்களைப் பேணினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவைப் பௌத்த அரசன் காத்தான். அக்குருவின் கைகள் பௌத்த மக்களைக் காத்தன. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார்.

மீண்டும் திருக்கோணமலைக்கு வருவோர், நிலாவெளி வீதியிற் பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில் ஓர் அமைதியான இடத்தைக் காண்பர். இரண்டாம் உலகப் போரில் இறந்தோர்க்கான கல்லறைத் தோட்டம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன. பல நாட்டுப் போர்வீரரும் மாலுமிகளும் தாய்மண்ணைக் காணாமலே இங்கு அடங்கினர். இத்தகைய கல்லறைகளைப் பேணும் ஆணைக்குழு 1917ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பதவி, குலம், இனம், சமயம் என்னும் வேற்றுமை இறந்தவர்க்கில்லை. அனைவர்க்கும் ஒத்த நினைவுச் சின்னமே உரியது என்பது அதன் கொள்கை. தளபதிக்கும் சமையலாளனுக்கும் ஒரே அளவான கல். வேறுபடுவது கல்லின்மேற் பொறித்த சமய அடையாளம் மட்டுமே.

ஆனால் இங்கும் யோனாவின் நிழல் விழுகின்றது. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசிய வீரர் பலருக்கு அச்சமத்துவம் மறுக்கப்பட்டதை அவ்வாணைக்குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயர் சுட்டியோ வேறெவ்வாறோ நினைவுகூரப்படவில்லை என அது கூறுகின்றது. உயர்ந்த கொள்கையை எழுதிவைப்பதற்கும் அதன்படி ஒவ்வொருவர் பெயரையும் தேடிப் பொறிப்பதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு கழிந்தது. அன்பு என்பது பொதுவாக எல்லாரையும் குறிப்பதோடு நிறைவுறுவதன்று. பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் எண்ணும்போதே அது மெய்யாகின்றது. நினிவேயின் மக்களைத் தொகையிட்டுக் கூறி, கால்நடையையும் மறவாத அந்த வினா இதனையே உணர்த்துகின்றது.

அவ்வாறு பெயர் சொல்லி எண்ணியவர்களும் இம்மாவட்டத்தில் இல்லாமலில்லை. 1893ஆம் ஆண்டில் திருக்கோணமலை மறைமாவட்டம் அமைந்தபின் பிரெஞ்சு நாட்டு இயேசுசபைத் துறவிகளும், அவர்களுக்குப் பின் அமெரிக்கத் துறவிகளும் இங்கே பணியாற்ற வந்தனர். ஆட்சியாளராக வாராமல் ஆசிரியராக வந்த அவர்கள், தமிழ் கற்று, எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் கணிதமும் அறிவியலும் கற்பித்தனர். அவர்களுள் ஒருவர் லூயிசியானாவிற் பிறந்து 1948ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யூஜின் ஹேபியர் அடிகள். திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர் என்றே பலர் அவரை நினைவுகூர்வர். 1990ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு கீழ்மாகாணம் குருதியில் நனைந்தபோது, ஆபத்திற் சிக்கியோர்க்கு உதவும் பொருட்டு அவர் வாழைச்சேனைக்குச் சென்றார். ஆகஸ்டு 15ஆம் நாள், உடன்வந்த தமிழ் இளைஞர் ஒருவரோடு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் இருவரும் காணாமற்போயினர். நாடு கடந்து வந்தவர், நாட்டை விட்டுச் செல்ல வழியிருந்தும் செல்லாமல், இம்மண்ணின் மக்களோடு அவர்கள் கதியையே தம் கதியாக்கிக்கொண்டார். யோனா ஓடிய திசைக்கு எதிர்த்திசை இதுவே.

இன்று இத்துறைமுக மாவட்டத்தில் அந்நியன் என்பவன் கடல் கடந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் ஏறத்தாழ 3,80,000 மக்கள் இங்கு வாழ்ந்தனர். முசிலிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் பாதித் தொகையை எட்டவில்லை. ஒவ்வொருவரும் மற்றையோர்க்குச் சிறுபான்மை. ஒவ்வொருவரும் மற்றையோர்க்கு அயலார். போர்க்காலத்தில் ஒரே வீதியில் வாழ்ந்தோர் ஒருவர்க்கொருவர் நினிவேயாக மாறிய நாட்களை முதியோர் மறந்திலர். அதே மக்கள்மீதுதான் 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. அலை எவர் மொழியையும் கேட்கவில்லை. அன்றைக்குக் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் பாடசாலையும் ஓடிவந்தோரை மொழி கேளாமலே உள்ளே விட்டன. பேரிடர் நாளில் இயல்பாக நிகழ்ந்த அவ்விரக்கம் சாதாரண நாளில் ஏன் அரிதாகின்றது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

கிறிஸ்தவ மறை இதற்கு அளிக்கும் விடை எளியது, கைக்கொள்ளுதல்தான் கடினம். அயலானை நேசிப்பதற்கு முன்னர், இறைவன் அவனை ஏற்கனவே நேசித்துக்கொண்டிருக்கின்றார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஒப்புக்கொண்டவன் அயலானது கோயிலின்முன் பணிவோடு நிற்பான். அவன் தரும் உணவை நன்றியோடு ஏற்பான். அவன் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கக் கற்பான். அவன் பிள்ளையின் நோய்க்கு மருந்து தேடுவான். இவை பெரிய செயல்களல்ல. யோப்பாவிலே பேதுரு செய்ததும் கதவைத் திறந்து மூவரை உள்ளே அழைத்தது மட்டுமே.

கோணேசர் மலையின் உச்சியில் நிற்பவர்க்கு ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் துறைமுகத்தின் அமைந்த நீரும் ஒருங்கே தோன்றும். அங்கே வழிபட வருவோர் கோட்டை வாயிலைக் கடந்தே ஆலயத்துக்கு ஏறுகின்றனர். ஆலயத்தின் பழங் கற்களோ கோட்டைச் சுவரில் இருக்கின்றன. நினிவேக்கு நான் இரங்கலாகாதோ என்று யோனாவிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு நூலில் விடை இல்லை. அவ்விடையை எழுதும் பொறுப்பு, கப்பல்கள் வந்துபோகும் இத்தகைய பட்டினங்களில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்ற மாந்தரிடமே விடப்பட்டிருக்கின்றது.